இடுக்கில் ஏறிய ஆறு

ஆறு கல்லை அறுத்த கதையைக் கேட்க வேண்டுமானால் அவசரப்படக் கூடாது, கண்ணுகளா. ஆறே அவசரப்படவில்லை. முதலில் அங்கே மலையிடுக்கு என்று ஒன்று கிடையாது. ஒரே மலைதான் இருந்தது. அதன் நெற்றியில் வியர்வை மாதிரி ஒரு சின்ன ஓடை. ஓடை வழி கேட்டது, மலை முடியாது என்றது. மலை முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஓடை பதில் பேசாமல் கூழாங்கற்களை உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டே இருந்தது. இப்படியே கோடிக்கணக்கான வருஷம். இன்றைக்கு எட்டிப் பார்த்தால் முன்னூறு அடி ஆழம். இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். சுவரில் மடித்து அடுக்கிய துணிபோலக் காவியும் சாம்பலும் பழுப்புமாகப் பாறைத் தட்டுகள். அடியில் பச்சைத் தண்ணீர், ஒன்றும் செய்யாததுபோல் போய்க்கொண்டிருக்கிறது.

மனிதர்கள் வந்தது ரொம்பப் பிந்தித்தான். முதலில் மரத்தை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டவர்கள் வந்தார்கள். பிறகு இக்கரைக்கும் அக்கரைக்கும் கயிறு கட்டிக் கூடையில் தொங்கிக்கொண்டு போனவர்கள். அப்புறம் பாலம் கட்டியவர்கள். கடைசியாக, பாலத்தின் மேல் நின்று மலையிடுக்குக்கு முதுகைக் காட்டித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்கிறவர்கள்.

இந்தக் கடைசி வகையினருக்காகத்தான் ஆற்று அலுவலகம் பாலத்தருகே ஒரு வரலாற்றுக் கூடம் கட்டியது. இயற்கை வரலாற்றுக்கு ஒரு சுவர், மனித வரலாற்றுக்கு ஒரு சுவர். மனித வரலாற்றுச் சுவரில் பாதியை ஒரு பெரிய மனிதரே அடைத்துக்கொண்டார். அவர் எப்போதோ ஒருநாள் வண்டியில் வந்து, பதினோரு நிமிஷம் நின்று, "ஆஹா" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவர் நின்ற பாறைக்கு ஆஹாப் பாறை என்று பெயர் வைத்து, சுற்றிலும் கம்பி வேலியும் போட்டாயிற்று. இடுக்கின் வாயில், பாறைத் திட்டின் மேல், நாலு தலைமுறையாகக் குடியிருக்கும் பதினோரு வீடுகளைப் பற்றி அந்தச் சுவரில் ஒரு வரி கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் மட்டும் போட்டு, 'கண்ணாடி உணவகம், விரைவில்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பதினோரு வீடுகளில் ஏழாவது வீட்டுக்காரிதான் அளவக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இருபத்தொரு வருஷமாக ஆற்றை அளந்து அளந்து ஊருக்கே அளவக்கா ஆகிவிட்டாள். காலை ஆறு, நடுப்பகல், மாலை ஆறு என்று நாளைக்கு மூன்று தடவை, நூற்று எழுபத்து நாலு படி இறங்க வேண்டும். கீழே கரையோரத்தில் வீடு அளவுக்கு ஒரு பாறை. அதில் எண்கள் போட்ட வெள்ளை இரும்புப் பலகை. தண்ணீர் தொடும் எண்ணைப் படித்து, பதிவேட்டில் எழுதி, மேலே ஏறி வந்து தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் அவள் அதை வேலை மாதிரியா செய்தாள்? காய்ச்சலோடு இறங்கினாள். கால் சுளுக்கியபோது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். புருஷன் செத்த அன்றுகூட, வந்தவர்கள் வாசலில் இருக்கும்போதே, மாலை ஆறு மணிக்கு எழுந்து போய் மூன்று புள்ளி பூஜ்யம் எட்டு என்று எழுதிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து அழுதாள். பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலி கிடையாது. அவளுக்கு என்று இந்த உலகத்தில் இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது.

அலுவலகத்துக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். முப்பது வயது, கண்ணாடி, நல்ல பிள்ளை. எல்லாரும் ஆய்வுத் தம்பி என்று கூப்பிட்டார்கள். அவர் அளவக்காவின் இருபத்தொரு வருஷப் பதிவேட்டையும் கணினியில் ஏற்றிப் படம் போட்டுப் பார்த்தார். பார்த்தவருக்கு மூச்சே நின்றுவிட்டது. மழைக்கு ஏறியும் வெயிலுக்கு இறங்கியும் வந்தாலும், மொத்தத்தில் ஆற்று மட்டம் வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் ஏறிக்கொண்டே போகிறது! அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு. இயற்கையில் இப்படி ஒரு நேர்கோட்டை யாருமே பார்த்ததில்லை என்று மூன்று மாநாட்டில் பேசினார், மூன்றிலும் கைதட்டல். இயக்குநர் அந்தக் கோட்டை இயற்கைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதச் சொன்னார். கூடவே உத்தரவும் வந்தது: ஆறு ஏறுவதால் பதினோரு வீடுகளும் ஆபத்தில் இருக்கின்றன, கூடம் திறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். அந்த இடத்தில் உணவகம் வரும். உணவகத்துக்கு ஆபத்து இல்லையா என்று கேட்டதற்கு, "விருந்தாளிங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவாங்களே" என்று பதில் வந்தது.

அளவக்காவுக்குத் திறப்பு விழாவில் சால்வையும் பாராட்டுப் பத்திரமும் உண்டு என்றார்கள். பாராட்டுப் பத்திரத்தை எந்த வீட்டுச் சுவரில் மாட்டுவது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீடுகள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. அவள் படியிறங்கும்போது, "போறா பாரு, நம்ம வீட்டை அளந்து அளந்து இடிக்கிறவ" என்று காதில் விழும்படி சொன்னார்கள். "ஆறு ஏறினா நான் என்னம்மா பண்ணுவேன்? பலகையில இருக்கிறதைத்தானே எழுதுறேன்" என்பாள் அவள். சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைப்பாள்.

வீட்டில் இருந்தது அவளும் நாத்தனாரும்தான். நாத்தனார் கல்யாணம் ஆகாதவள், ஐம்பதைத் தாண்டியவள். நாக்கு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. ஒருநாள் துவைத்த துணி வாளியைத் தொப்பென்று வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஆறு எவ்வளவு ஏறியிருக்குன்னு சொன்னீங்க?"

"நாப்பத்திரெண்டு சென்டி. ஒரு முழம்னு வெச்சுக்கோ."

"ஒரு முழம் ஏறின ஆறு என் துவைக்கிற கல்லுக்கிட்ட மட்டும் ஏன் வரல? நான் சின்னப் பிள்ளையில எவ்வளவு குனிஞ்சு தண்ணி மொண்டேனோ, இன்னைக்கும் அவ்வளவு குனிஞ்சுதான் மொள்ளுறேன். உங்க ஆறு ஏறியிருந்தா என் முட்டிக்குத் தெரியாதா? அது ஒண்ணுதான் இந்த வீட்டுல பொய் சொல்லாத முட்டி."

"போடி, உன் முட்டியை எந்த மாநாட்டுல கொண்டுபோய் வைக்கிறது?"

சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் நாத்தனாரின் முட்டி அன்று முழுக்க அவளை விடவில்லை.

மறுநாள் நடுப்பகல் அளவைச் சொல்லிவிட்டு அளவக்கா கூடத்துக்குள் போனாள். பெயின்டர் ஏணிமேல் நின்று அந்த நேர்கோட்டுக்குச் சிவப்புத் தீட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பெயின்டரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், பலகையை மாட்டிய காலத்தில், கீழே அபாயக் கோடு போட்டவர் இவர்தான். தண்ணீர் அதைத் தொட்டால் ஆபத்து என்று பாலத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக, மலைச்சுவரில் தொடங்கி, அளவுப் பாறையின் மேலும் தொடர்ந்து, கையகலத்தில் ஒரு சிவப்புப் பட்டை. அளவக்கா வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்தப் பட்டை பாறைக்கு வரும்போது நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. "கோடு ஏன் கோணல்?" என்று பழைய அளவுக்காரரைக் கேட்டாள். அந்த மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார் பாவம், "போட்டவன் ஏத்திக்கிட்டு வந்து போட்டிருப்பான்" என்று விளையாட்டாகச் சொன்னார். அளவக்கா அதை வினையாக எடுத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் நாத்தனாருக்கு இதே பெயின்டரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். "குடிக்கிறவன் வேண்டாம்" என்று அளவக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். வருஷா வருஷம் அந்தப் பட்டைக்கு மறுபூச்சு பூசுவதும் அவள்தான். பட்டை எங்கே இருந்ததோ அங்கேயே, கோணலைக் கோணலாகவே வைத்துப் பூசினாள். அரசாங்கக் கோணலை நிமிர்த்த நமக்கு என்ன அதிகாரம்? வருஷத்துக்கு வருஷம் கோணல் கூடுவதுபோல் தோன்றியபோது கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"இந்தக் கோடாவது நேரா வரட்டும்," என்றாள் ஏணியைப் பார்த்து.

"எந்தக் கோடு கோணலா வந்துச்சு?" பெயின்டர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கீழ போட்டீங்களே ஒரு அபாயக் கோடு. அதைப் பாத்தாலே தள்ளாடுது."

"அக்கா, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கோட்டைச் சொல்லாதீங்க. அது மட்டக்குழாய் வெச்சுப் போட்ட கோடு. ட்யூப்ல தண்ணி ஊத்தி, இந்த முனையை நான் பிடிச்சு, அந்த முனையை என் அண்ணன் பிடிச்சு, ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நின்னதுக்கு அப்புறம் குறி வெச்சேன். தண்ணி தப்பு பண்ணுமா?"

"நீங்க அன்னைக்குக் கொஞ்சம் ஏத்திக்கிட்டு..."

"நானா?" அவர் ஏணியிலிருந்து இறங்கியே விட்டார். "இருமல் மருந்து குடிச்சாலே எனக்குத் தலை சுத்தும் அக்கா! யாரு சொன்னா?"

அளவக்காவுக்கு வாயைத் திறந்தால் இருபது வருஷம் வெளியே விழுந்துவிடும்போல் இருந்தது. வந்த வழியே திரும்பிப் படியிறங்கினாள். அளவெடுக்கவோ பட்டைக்குப் பூசவோ இல்லாமல் அவள் அங்கே இறங்கியது அதுதான் முதல் தடவை. கையில் பதிவேடு இல்லை. பதிவேடு இல்லாததால் பலகையைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் பாறையைப் பார்த்தாள்.

மலைச்சுவரில் பட்டை நேராக வந்தது. பாறைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரிசல். விரிசலைத் தாண்டியதும் பட்டை எங்கோ கீழே தொடங்கியது. கையை வைத்து அளந்தாள். சரியாக ஒரு முழமும் நாலு விரலும். நாலு விரல் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே இருந்தது. மீதி, ஆறு ஏறியதாக அவள் எழுதிய அதே முழம். குனிந்து பாறையின் அடியைப் பார்த்தாள். பாறை கெட்டித் தரையில் நிற்கவே இல்லை. கூழாங்கல் மேட்டில் உட்கார்ந்திருந்தது. ஆறு அடியிலிருந்து ஒவ்வொரு கல்லாக, சத்தம் போடாமல் உருவிக்கொண்டிருந்தது. மலையிடம் என்ன செய்ததோ அதையேதான் செய்துகொண்டிருந்தது.

ஆறு ஏறவில்லை. பாறைதான் பலகையையும் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது. அவள் இருபத்தொரு வருஷமும் எண்ணைப் படித்தாள், எண் மாட்டியிருந்த கல்லைப் படிக்கவில்லை. அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெயின்டர் விஷயம் உள்பட. நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்து அதையும் மடித்தாள்.

"நீங்க ஒருதடவையாவது என்னைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கோட்டைக் காட்டியிருக்கலாம் அண்ணி," என்றாள். "கோணலா இல்லையான்னு நானே பாத்திருப்பேன்ல."

அளவக்காவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"விடுங்க. அந்த மனுஷன் ஒரு எழுத்து எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கிறாரு. அவரோட குடும்பம் பண்ணியிருந்தா நான் தாலாட்டுக்கே இன்னும் காத்துக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப வீட்டைப் பாருங்க. நாளைக்கு அலுவலகம் போய்ச் சொல்லுங்க."

"சொன்னா இருபத்தொரு வருஷமும் பொய்யாயிடும்டி."

"சொல்லலைன்னா பதினோரு வீடும் மண்ணாயிடும். எது உங்களுக்குப் பெருசு?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அளவக்கா முதலில் ஆய்வுத் தம்பியிடம்தான் போனாள். அவர் நம்பவில்லை. அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கீழே கூட்டிப்போனாள். மூன்று மாநாட்டில் மலையிடுக்கைப் பற்றிப் பேசிய அந்தப் பிள்ளை, நூற்று எழுபத்து நாலு படியில் ஒரு படிகூட அதுவரை மிதித்ததில்லை. பட்டையைப் பார்த்தார். விரிசலுக்குள் கை விட்டுப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான் சொன்னேன், இயற்கையில இப்படி ஒரு நேர்கோடு கிடையாதுன்னு," என்றார் மெதுவாக. "நான் சொன்னதை நானே கேட்டிருக்கணும்."

"அழாதீங்க தம்பி. படி ஏறணும், மூச்சு வேணும்."

இயக்குநர் அறை அகலமானது. சன்னல் வழியே மலையிடுக்கு தெரியும். ஆனால் வெயில் அடிக்கிறது என்று திரைச்சீலை போட்டு, திரைச்சீலையின் மேல் மலையிடுக்கின் புகைப்படத்தை மாட்டியிருந்தார்கள். உணவகம் கட்டப்போகும் ஒப்பந்தக்காரர் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அளவக்கா சொன்னாள். ஆய்வுத் தம்பி பாதியில் வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆக, ஆறு ஏறல."

"ஏறலைங்க ஐயா."

"அளவு தப்பு."

"அளவு சரிங்க ஐயா. பாறைதான் எறங்குது."

"கோடு சுவத்துல எழுதியாச்சேம்மா. பெயின்ட்கூடக் காஞ்சிருக்கும்." சற்று யோசித்தார். முகம் தெளிந்தது. "சரி, ஒண்ணும் கெட்டுப்போகல. கோடு அப்படியே இருக்கட்டும். மேல எழுதியிருக்கிற தலைப்பை மட்டும் மாத்திடுவோம். 'ஏறும் ஆறு'ன்னு இருக்கிறதை 'இறங்கும் பாறை'ன்னு எழுதிட்டா முடிஞ்சது. ரெண்டுக்கும் ஒரே கோடுதானே?"

"அப்ப வீடுங்க ஐயா?"

"வீடுங்களைக் காலி பண்ணித்தான் ஆகணும். பாறையே எறங்குதுன்னா அது எவ்வளவு பெரிய ஆபத்து!"

ஆய்வுத் தம்பி எழுந்தே விட்டார். "சார், எறங்குறது கரையில கிடக்கிற அந்த ஒரு கல்லு. வீடுங்க நிக்கிறது மலையோட சேர்ந்த தாய்ப்பாறை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தம்பி, போன வாரம் ஆறு ஏறுதுன்னு சொன்னதும் நீங்கதானே?" என்றார் இயக்குநர் கனிவாக. அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பிள்ளையால் உட்காரத்தான் முடிந்தது.

அளவக்காவுக்குப் பதினோரு வீட்டுக் கதவும் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஆறு ஏறினாலும் வீடு போகிறது, பாறை இறங்கினாலும் வீடு போகிறது. இந்த மனிதருக்குக் காரணம் என்பது சட்டை மாதிரி, அழுக்கானால் மாற்றிக்கொள்வார். அப்போதுதான் அவள் பார்வை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் மேல் விழுந்தது.

"ஐயா சொன்னா சரிதான்," என்றாள். "எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். எங்க ஓட்டு வீடே அங்க எறங்கிடும்னா, இவரு கட்டப்போற கண்ணாடி வீடு எறங்காதாங்க?"

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"சார், எறங்குதுன்னா சொன்னீங்க?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"அது வந்து, ஒரு கல்லு மட்டும்..."

"ஒரே நிமிஷத்துக்கு முன்னாடி பெரிய ஆபத்துன்னீங்களே சார்."

"அது வீட்டுக்கு."

"கண்ணாடி சார்! ஒரு ஓரம் ஒரு விரல் எறங்கினாலும் நாலு பக்கமும் தெறிக்கும். உள்ள விருந்தாளிங்க கரண்டியோட உக்காந்திருப்பாங்க." டம்ளரை வைத்தார். "நீங்க ஆபத்து இல்லைன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கே கட்டுறேன்."

இயக்குநர் இருபது வருஷ வேலையில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருந்தார், ஆனால் தனக்கு முன்னால் வேறு யாராவது கையெழுத்துப் போடாத தாளில் அவர் போட்டதே கிடையாது. ஆபத்து இல்லை என்று எழுதினால் வீடுகளைக் காலி செய்ய முடியாது. ஆபத்து உண்டு என்று எழுதினால் உணவகம் கட்ட முடியாது. திரைச்சீலையில் மாட்டியிருந்த மலையிடுக்கை ரொம்ப நேரம் பார்த்தார். ஒப்பந்தக்காரர் "அப்புறம் பேசுவோம்" என்று எழுந்து போனார். அப்புறம் அவர் பேசவே இல்லை.

"சரி," என்றார் இயக்குநர் கடைசியாக. "வீட்டு உத்தரவை ரத்து பண்ணிடலாம். ஆனா இருபத்தொரு வருஷம் தப்பான அளவு போயிருக்கு. யாராவது பொறுப்பு ஏத்துக்கணும். பாறைக்கு மெமோ குடுக்க முடியாதுல்ல?"

"என் மேல போடுங்க சார்," என்றார் ஆய்வுத் தம்பி. "ஒருதடவைகூடக் கீழ எறங்கிப் பாக்காதவன் நான்தான்."

"உங்க பேரைச் சுவத்துல பெரிய எழுத்துல எழுதியாச்சு தம்பி."

தட்டச்சு செய்த தாள் ஒன்று அளவக்காவின் முன்னால் வந்தது. 'அளவெடுப்பவரின் தொடர்ச்சியான கவனக்குறைவால் மேற்படி இருபத்தொரு ஆண்டு அளவுகளும் நம்பத்தகாதவை ஆயின.'

ஆய்வுத் தம்பி வேகமாகப் அலமாரியிலிருந்த பதிவேட்டின் முதல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "சார், இதைப் பாருங்க. அவங்க சேர்ந்த முதல் வருஷமே 'கோடு கோணலாக உள்ளது'ன்னு எழுதியிருக்காங்க. ரெண்டாவது வருஷமும். மூணாவது வருஷமும். நம்ம அலுவலகம்தான் சிவப்பு மையால அடிச்சிருக்கு. 'இந்தக் கட்டம் வானிலைக்கு மட்டும்'னு."

"கட்டம் வானிலைக்குத்தானே?" என்றார் இயக்குநர். அவருக்கு உண்மையிலேயே அதில் என்ன தவறு என்று புரியவில்லை.

அளவக்கா தாளை இரண்டு தடவை படித்தாள். காய்ச்சல் நாட்களும் சுளுக்கு நாட்களும் புருஷன் வாசலில் கிடந்த நாளும், எல்லாம் சேர்ந்து அந்த ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. கவனக்குறைவு. வேறு என்ன சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். அந்த ஒரு சொல்லை மாற்றச் சொல்லலாமா என்று நினைத்தாள். பெயின்டர் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றி ஒரு சொல் சொல்ல அவள் மட்டும் யோசித்தாளா?

"வீட்டு உத்தரவை ரத்து பண்ணின தாள் எங்கங்க ஐயா?"

"வரும், வரும். முதல்ல நீங்க போடுங்க."

"இல்லைங்க ஐயா. முதல்ல அதுல நீங்க போடுங்க. அப்புறம் இதுல நான் போடுறேன். இருபத்தொரு வருஷம் நான் பாக்காத எதுக்கும் கையெழுத்துப் போட்டதில்ல."

அப்படியே நடந்தது. அவர் போட்டார், அவள் போட்டாள். சால்வையும் பாராட்டுப் பத்திரமும் ரத்து. வேலையிலிருந்தும் எடுத்துவிட வேண்டியதுதான், ஆனால் நூற்று எழுபத்து நாலு படி இறங்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால் மறு உத்தரவு வரும்வரை தொடரலாம் என்றார்கள்.

வீட்டுத் தாளைப் பதினோரு வீட்டு ஆட்களும் கூடி நிற்க அவளே உரக்கப் படித்தாள். 'மேற்படி இடம் எவ்விதக் கட்டடத்துக்கும் தகுதியற்றது எனவும், மனிதர் தங்குவதற்கு உகந்ததல்ல எனவும் முடிவு செய்யப்படுகிறது. ஆகவே தற்போது குடியிருப்போர் தொடர்ந்து குடியிருக்கலாம்.'

"நாம மனுஷங்க இல்லைன்னா சொல்றாங்க?" என்றார் மூணாவது வீட்டுப் பெரியவர்.

"இருக்கலாம்னு சொல்லிட்டாங்கல்ல மாமா, அப்புறம் என்னவா இருந்தா என்ன?" என்றாள் நாத்தனார். யாரோ ஒருத்தர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாசமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரி அளவக்காவின் தோளில் கை வைத்து, "தக்காளி இருக்கா உங்க வீட்டுல?" என்று கேட்டாள்.

அளவக்கா பெயின்டர் வீட்டுக்கும் போனாள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள். அவர் காதைத் தடவிக்கொண்டார். "என் அம்மா சாகிற வரைக்கும் என் காது பெருசா இருக்கிறதாலதான் பொண்ணு குடுக்கலைன்னு நெனச்சாங்க," என்றார். பிறகு, புதுப் பலகையை மலைச்சுவரிலேயே மாட்டுவதற்காக மட்டக்குழாயைத் தேடி எடுத்தார். மறுமுனையைப் பிடிக்க அவருடைய அண்ணன் இப்போது இல்லை. நாத்தனார் படியிறங்கிப் போய்ப் பிடித்தாள். "கை ஆடாம பிடிங்க" என்று அவர் சொன்னதும், "ஆடினா எங்க அண்ணி கிட்ட சொல்லிடாதீங்க" என்று அவள் பதில் சொன்னதும் மேல்படி வரை கேட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அளவக்கா புதுப் பலகையைப் படித்தாள். பலகையை மட்டும் இல்லை, அது மாட்டியிருந்த சுவரையும், சுவரின் அடியையும், தண்ணீர் போகிற போக்கையும் சேர்த்துப் படித்தாள். மூச்சு வாங்க மேலே ஏறி வந்து போனைப் போட்டாள்.

"ரெண்டு புள்ளி ஒம்பது ரெண்டு."

தலைமை அலுவலகத்துப் பெண் எழுதும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது. "அக்கா, நேத்து சாயங்காலம் மூணு புள்ளி நாலு ரெண்டு சொன்னீங்க. ஒரே ராத்திரியில ஆறு ஒரு முழம் வத்திடுச்சா? ஐயோ, நான் உடனே மேல சொல்லணும். வறட்சிக் குழுவை அனுப்புவாங்க!"

"யாரையும் அனுப்பாதே கண்ணு. ஆறு இருந்த இடத்துலயேதான் இருக்கு. எழுதிக்கோ."

"சரிக்கா."

"நாங்களும் இருந்த இடத்துலயேதான் இருக்கோம். அதையும் எழுதிக்கோ."

"அதை எந்தக் கட்டத்துலக்கா எழுதுறது?"

அளவக்கா சன்னல் வழியே பார்த்தாள். பதினோரு வீட்டிலும் ஒவ்வொன்றாகக் கதவு திறந்துகொண்டிருந்தது.

"இடம் இருக்கிற கட்டம் எதுன்னு நீயே பாத்து எழுதும்மா," என்றாள்.